தூக்குக்கார வீடு

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு மூன்று பேரை அழ வைத்தேன். மதுரையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேர்ல பாத்த மாதிரியே சொல்றியேம்மா" என்றார். அதை நேரில் வேறு பார்க்க நான் என்ன பாவம் செய்தேன்! ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

பனைத்துறைக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கருவாடு வாங்குவார்கள், பிறகு என்னிடம் வருவார்கள். சனி ஞாயிறுகளில் தூக்குமேடையைச் சுற்றிக் காட்டுவது நான்தான். மற்ற நாட்களில் தையல் மெஷின். கடற்கரையில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டு தட்டுக் கட்டடம் அது. கீழே நாலு பக்கமும் வளைவு வாசல். மேலே ஒரு பெரிய அறை, அதன் தரைக்கு நடுவில் ஒரு பலகைக் கதவு. கதவுக்கு நேர் மேலே தேக்கு உத்திரம், அதில் ஒரு இரும்புச் சக்கரம். வெள்ளைக்காரன் காலத்தில் சூசை என்ற எங்கள் ஊர்க்காரரை அந்த உத்திரத்தில்தான் தூக்கில் போட்டார்கள். கப்பலில் சரக்கு ஏற்ற மாட்டேன் என்று துரையின் முகத்துக்கு நேரே சொன்னவர். என் மாமனார் தொம்மை அவருடைய வம்சம். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே தூக்குக்கார வீடு. சவேரியார் திருநாள் கொடியேற்றத்தில் முதல் கயிறு மாமா கைக்குத்தான் வரும்.

"கழுத்து என்னுடையது! கடல் உன்னுடையது அல்ல!" என்று சூசை கடைசியாகச் சொல்கிற இடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். அந்த வசனம் போன ஈஸ்டருக்குப் பிறகு சேர்ந்தது. அதுவரை அவர் பேசாமலேயே செத்துக்கொண்டிருந்தார். பேசினால்தான் எடுப்பாக இருக்கிறது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வேன் கிளம்பிய பிறகு பார்த்தால் வளைவுத் தூணில் புது நோட்டீஸ். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம், அதற்காகத் தூக்குமேடையை இடிக்கப் போகிறார்களாம். பசை இன்னும் காயவில்லை. நான் உள்ளே நின்று ஊரை அழ வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஒட்டியிருக்கிறார்கள்!

மாமாவிடம் ஓடிவந்து சொன்னேன். "எங்க பாட்டன் உசுர விட்ட எடத்தயா? கை வச்சுப் பாக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு ஏன் பிள்ள இம்புட்டுப் பதட்டம்? நீ வடக்குத் தெருக்காரிதான?" என்றார். நான் பிறந்த வீடு வடக்குத் தெருவில்தான், ஆனால் எனக்குக் கல்யாணமாகி மகள் பெனிட்டா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குழம்பில் மட்டும் உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

தூத்துக்குடி ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டால் ரோடு வளைந்து போகும். சேராவிட்டால் கட்டடம் போகும். முதலில் ஒரு நிபுணர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவாராம். பிறகு டிசம்பர் நாலாம் தேதி ஒரு குழுவே நேரில் வருமாம்.

"நாலாம் தேதியா? அன்னைக்கு எங்க ஊர்ல கைக்குழந்தைகளுக்குத் தூக்கு சார்!" என்றேன்.

மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

பிறகுதான் விளக்கினேன். சவேரியார் திருநாளுக்கு மறுநாள் அந்த வருஷத்துக் குழந்தைகளையெல்லாம் தூக்குமேடை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். குழந்தையை கடவம் என்கிற ஓலைப் பெட்டியில் படுக்க வைத்து எங்கள் மாமாவிடம் கொடுப்பார்கள். அவர் கடவத்தை முதலில் முழங்கால் உயரத்தில் பிடித்து, "முட்டளவு வந்திருச்சு" என்பார். அடுத்து, "இடுப்பளவு வந்திருச்சு." அடுத்து, "கழுத்தளவு வந்திருச்சு." தாய்க்காரி மேல்படியில் நின்று குழந்தையை வாங்கிக்கொண்டு, "தூக்கியாச்சு!" என்று கத்துவாள். அவ்வளவுதான். பிள்ளை மளமளவென்று வளரும், கழுத்துக்கு எந்தக் கண்டமும் வராது என்று நம்பிக்கை. பெனிட்டாவுக்கும் செய்தோம். கடவத்தை நனைத்துவிட்டாள்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "இதை மனுவில் எழுத வேண்டாம்மா" என்றார்.

அக்டோபர் 22, புதன்

நிபுணர் வந்துவிட்டார்! மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது சின்னப் பெண். பெயர் உமையாள், காரைக்குடிப் பக்கம். பழைய கட்டடங்களைப் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள். கன்னியர் மடத்து விருந்தினர் அறையில் தங்கியிருக்கிறாள்.

மேலே கூட்டிப்போய் என் முழுக் கதையையும் சொன்னேன். வெறும் சுற்றிக்காட்டலா அது? ஜென்மத்துக்கும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. கடைசியில் எப்போதும்போல வளையத்தைப் பிடித்துப் பலகைக் கதவைத் திறந்து, "இந்தக் கதவு அவர் காலடியில் விழுந்தது!" என்றேன்.

"எங்கக்கா விழுந்துச்சு?" என்றாள்.

"கீழதான்."

"நீங்க மேலேயில்ல தூக்குனீங்க?"

என் கையைப் பார்த்தேன். வளையம் கையில் இருந்தது. கதவு என் இடுப்புக்கு நிமிர்ந்து நின்றது.

"இது கீழ போகாதுக்கா. சுத்திலும் கல் விளிம்பு தாங்குது பாருங்க. மேல மட்டுந்தான் திறக்கும். இதுல ஒருத்தரை நிப்பாட்டுனா அவரு பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருப்பாரு."

எத்தனை வருஷமாக இந்தக் கதவை மேலே தூக்கித் தூக்கி, கீழே விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் விடவில்லை. கல் விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருப்பதைக் காட்டினாள். கயிறு உரசிய தடமாம். "ஒரு ஆளைத் தொங்கவிட்டதுக்கா கல் இப்படித் தேயும்?" என்றாள்.

"நல்ல வாட்டசாட்டமான உடம்பு" என்றேன்.

சிரிக்கவில்லை அவள். "அக்கா, இங்க தூக்கில போட்டாங்கன்னு நான் எழுத முடியாது. வேற காரணம் ஏதும் இல்லைன்னா இந்தக் கட்டடம் பட்டியல்ல வராது" என்றாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இடியாப்பம் கொடுத்துவிடலாம் என்று கட்டி வைத்திருந்ததை நானே தின்றேன்.

அக்டோபர் 23, வியாழன்

தலைவலி. மூன்று ஜாக்கெட் பாக்கி. மத்தியானம் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். மேலேதான் திறக்கிறது.

அக்டோபர் 25, சனி

கதவின் மேல் நானே நின்றுகொண்டு கதை சொன்னேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. யாரும் அழவும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு எல்லாரும் போனோம். உமையாளும் வந்தாள். எங்கள் வீட்டுக் கல்லறைகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, "சூசைக்கு?" என்றாள். அவருக்குக் கல்லறை கிடையாது. உடம்பைக் கடலில் போட்டுவிட்டார்கள் என்பது கதை. "கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சாம், அந்த வழிதான் நாங்க" என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது டீக்கடையில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, தூக்குன்னா கழுத்துல கயிறு மாட்டுறது மட்டுமா? எங்க பக்கம் பழைய தராசுக்குத் தூக்குன்னு பேரு. சோறு கொண்டுபோறதைத் தூக்குவாளின்னுதான சொல்றோம்? அந்தக் காலத்துல கடல் இந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே நின்னிருக்கு. கீழ தோணி வந்து நிக்கும். மேல சக்கரத்துல கயிறு போட்டு மூட்டையைத் தூக்குவாங்க, எடை பாப்பாங்க. அதான் தூக்குமேடை. அதைப் பாத்துக்கிட்டவர் தூக்குக்காரர்."

வாயில் இருந்த டீயை விழுங்கவே மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படி ஆணியில் தூக்குவாளி தொங்குகிறது. இத்தனை காலம் அதில்தானே மோர் ஊற்றி வைக்கிறேன்!

என் வாய் சும்மா இருக்கவில்லை, மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "எங்க பாட்டன் மூட்ட தூக்குன ஆளா? மூட்ட தூக்குனதுக்கா சவேரியார் கோயில்ல முத கயிறு குடுக்காவ? எங்க குடும்பத்தப் பத்தி உனக்கு என்னட்டி தெரியும்?"

மூட்டை தூக்கினால் என்ன கேவலம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாத்திரம் நிறையக் கிடந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மாமா என்னோடு பேசுவதில்லை. "உங்க அம்மாட்ட மோரு இருக்கான்னு கேளு" என்று பெனிட்டாவிடம் சொல்கிறார். நான் எதிரேதான் நிற்கிறேன். அவளும் திரும்பி, "அம்மா, மோரு இருக்கான்னு கேக்காவ" என்கிறாள். சிரிப்பை அடக்க அவள் படுகிற பாடு!

கப்பலில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் ஜெரோம் போனில் பேசினார். "அப்பாட்ட எதுக்கு நோண்டுத? அது அவருக்கு உசுருல்லா" என்றார். அந்தக் கட்டடம் எனக்கு என்ன என்று இந்த வீட்டில் யாருமே கேட்பதில்லை.

உமையாள் அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டாள். இப்படிச் சரக்குத் தூக்கி வைக்கிற கிடங்குகள், கிட்டங்கிகள், இந்தக் கரையில் நிறைய இருந்தனவாம், இது மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று குழு கேட்குமாம். "ஏதாவது ஒண்ணு குடுங்கக்கா. நானும் இது நிக்கணும்னுதான் நினைக்கிறேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இடியாப்பம் கொடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்!

காலையிலிருந்து பேய் மழை. பள்ளிக்கூடம் லீவு. பத்து மணிக்கெல்லாம் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. கடலும் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. நான் ஸ்டூலில் ஏறி அரிசி டின்னைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். பெனிட்டா கேட்டுக்கு வெளியே போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! முட்டளவு வந்திருச்சு!"

"இருக்கட்டும்ட்டி! இடுப்பளவு வந்தா பாத்துக்கிடலாம்!" என்று நானும் கத்தினேன்.

கத்திய வாயை மூட முடியவில்லை. அரிசி டின் கையிலேயே இருக்கிறது. முட்டளவு வந்திருச்சு. இடுப்பளவு வந்திருச்சு. கழுத்தளவு வந்திருச்சு. தூக்கியாச்சு!

பிள்ளை வளர்வதா அது? தண்ணீர், தண்ணீர்! ஏதோ ஒரு புயலில் கடல் ஊருக்குள் வந்திருக்கிறது. மேல்தட்டு உள்ள ஒரே கட்டடம் அதுதான். படியோ ஒரு ஆள் ஒடுங்கிப் போகிற சுழற்படி. மூட்டை தூக்குகிற கயிற்றில் கடவத்தைக் கட்டி, ஊரையே தூக்கியிருக்கிறார்கள். அதனால்தான் குழந்தை, அதனால்தான் கடவம். தூக்கில் போட்ட இடத்துக்கு எந்தத் தாயாவது பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாளா? இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

அந்தத் தண்ணீரிலேயே மடத்துக்குப் போனேன். ஒரு செருப்பு போய்விட்டது. உமையாள் கதவைத் திறந்ததும், "முட்டளவு வந்திருச்சு! முட்டளவு வந்திருச்சு!" என்றேன். அவள் பயந்துபோய் என் முழங்காலைப் பார்த்தாள்.

நவம்பர் 19, புதன்

உமையாள் குதிக்கிறாள். ஆனாலும், "சடங்கு மட்டும் பத்தாதுக்கா, கட்டடத்துல ஏதாவது தடயம் வேணும்" என்கிறாள். அத்தனை பேர் ஒரு இரவோ இரண்டு இரவோ அந்த அறையில் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பார்களா? சுவரில் எத்தனையோ தடவை வெள்ளையடித்திருக்கிறார்கள். அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறாள். செருப்பு கிடைக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

அனுமதி வந்தது. உமையாள் சின்னக் கத்தி, பிரஷ்ஷோடு உட்கார்ந்தாள். நானும் தையலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். சுண்ணாம்பு அப்பளம்போல உரிந்து வந்தது. மத்தியானம் அவள், "அக்கா, இது என்ன கோடு?" என்றாள்.

நங்கூரம். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அப்புறம் ஒரு சிலுவை, மேலே இரண்டு புள்ளி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவை துடுப்புக் குறிகள்! எங்கள் ஊரில் கரையில் கிடக்கும் துடுப்புகள் மாறிப்போகக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு குறி வெட்டி வைப்பார்கள். நங்கூரம் என்றால் கெபித் தெரு மோத்தா வீடு, நட்சத்திரம் என்றால் சகாயராணி வீடு. உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. சுவர் முழுக்க ஊர்!

ஜன்னல் ஓரத்தில் ஒரு மீன் இருந்தது, வால் இரண்டாகப் பிரிந்தது. அது என் அப்பா வீட்டுக் குறி. சின்ன வயதில் அவர் துடுப்பில் அந்தப் பள்ளத்தைத்தான் விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். "வடக்குத் தெரு! எங்க வீடு!" என்று கத்திக்கொண்டு உமையாளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கத்தி அவள் கையில் இருந்தது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

மாமாவின் பாட்டன் எங்கள் பாட்டனைத் தூக்கியிருக்கிறார். அதனால்தான் நான் இருக்கிறேன். இந்த வீட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக ஒத்திகை. இன்றைக்கு மீன் குழம்பு வைத்து, அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பெனிட்டாவைப் பார்த்துச் சொன்னேன். "உங்க தாத்தாட்ட சொல்லு, அந்தச் சுவத்துல ஊர்ல உள்ள குறியெல்லாம் இருக்குன்னு."

அவர் கை நின்றது. "நம்ம வீட்டுக் குறி?" என்று என்னிடம் நேராகவே கேட்டார். எங்கள் வீட்டுக் குறி இரண்டு வளையம், ஒன்றுக்குள் ஒன்று கோத்தது.

"அது இல்ல மாமா. எல்லாச் சுவத்துலயும் பாத்துட்டோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். மழை, பெனிட்டா கத்தியது, கடவம், எல்லாம். அவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து நின்றார். காலியான காய்கறிக் கூடையை எடுத்துத் தன் முழங்காலுக்கு நேரே பிடித்தார். பிறகு இடுப்புக்கு. பிறகு கழுத்துக்கு. அங்கேயே பிடித்தபடி நின்றார்.

"ஏட்டி ரெஜினா, இது எவன் முட்டு? எவன் கழுத்து?" என்றார். "பிள்ள கழுத்தா? என் கழுத்துல்லா? தண்ணி எம்புட்டுன்னு தன் உடம்புல அளந்து சொல்லிருக்காரு. அப்படின்னா அவரு மேல இல்லட்டி. கீழ நின்னுதான் ஒவ்வொருத்தராக் கடவத்துல ஏத்தி விட்டிருக்காரு. கழுத்தளவுக்குப் பொறவு அவரு சொன்னதா ஒண்ணும் இல்லையே."

இத்தனை நாள் கதவு, கயிறு, சுவர் என்று பார்த்தோமே, இதைப் பார்க்கவில்லையே! சூசைக்குக் கல்லறை இல்லாதது இதனால்தான். ஊருக்கு, சூசை தூக்கில் செத்தார், கழுத்தளவில் செத்தார் என்பது வரை ஞாபகம் இருந்திருக்கிறது. மற்றதை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

"அவரு மூட்டதான் தூக்குனாரு. சரி. தூக்கட்டும்" என்றார் மாமா. உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

இரண்டு வளையம் கிடைத்துவிட்டது! சுவரில் இல்லை. பலகைக் கதவை ஒட்டிய தரைக்கல்லில், கயிற்றுத் தடத்துக்குப் பக்கத்தில். மற்ற குறிகளெல்லாம் கீறல்தான், இது மட்டும் ஆழம். ஒரு ஆள் வெட்டியதுபோல இல்லை, பல கைகள் மேலும் மேலும் கீறியதுபோல இருக்கிறது என்கிறாள் உமையாள். மேலே வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்களோ?

மாமா பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கு மூட்டுவலி. வீட்டு வாசல்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டும், அந்தச் சுழற்படியில் எப்படி ஏறுவார்?

டிசம்பர் 4, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது!

குழு காலையிலேயே வந்துவிட்டது. தலைவி ஒரு அம்மா, அவரோடு ரோட்டு இஞ்சினியர், இன்னும் சிலர். அவர்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போது வாசல் முழுக்கத் தாய்மார்கள், கடவங்கள், வீறிட்டு அழுகிற பிள்ளைகள். "இது என்ன தடுப்பூசி முகாமா?" என்று இஞ்சினியர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

உமையாள் மேலே கூட்டிப்போய்க் கதவு, கயிற்றுத் தடம், குறிகள் எல்லாவற்றையும் காட்டினாள். "நிரூபிச்சாச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். ஆனா கல்லும் சுவரும் இவங்க சடங்கும் ஒரே விஷயத்தைச் சொல்லுது" என்றாள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எப்போதும்போலக் கையை விரித்துத் தொடங்கப் போனேன், வரவில்லை. "நீங்களே கீழ வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் சகாயராணியின் பிள்ளை. மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் நின்றார். கடவத்தை முழங்காலுக்குப் பிடித்து, "முட்டளவு வந்திருச்சு" என்றார். வருஷா வருஷம் பாட்டுப்போல இழுத்துச் சொல்வார். இன்றைக்கு இழுக்கவில்லை, மேலே இருக்கிறவருக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார். "இடுப்பளவு வந்திருச்சு." கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியுமே. "கழுத்தளவு வந்திருச்சு" என்றபோது அவர் குரல் உடைந்தது. சகாயராணி பிள்ளையைப் பறித்த மாதிரி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தூக்கியாச்சு! தூக்கியாச்சு!" என்று கத்தினாள்.

குழுத் தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இஞ்சினியரிடம், "ரோட்டை எந்தப் பக்கம் வளைக்கலாம்னு பாருங்க. நான் எழுதிடறேன்" என்றார்.

ஊரே ஓவென்று கத்தியது! நான் உமையாளைத் தூக்கியே விட்டேன்.

அதோடு முடியவில்லை. மாமா மேலே போகவேண்டுமே. படகு பழுது பார்க்கிற பட்டறைக்காரர்களிடம் நேற்றே சொல்லியிருந்தேன். அவர்கள் மூன்று கால் இரும்புச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் கொண்டுவந்து மேலே பலகைக் கதவுக்கு நேராக நிறுத்தினார்கள். கோயில் மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். இஞ்சினியர் தானே வந்து சங்கிலியில் தொங்கிப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க" என்றார். ரோடு போட வந்தவர்!

நான் மேலே, திறந்த கதவின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மாமா நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்து இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயம்.

சங்கிலி கடகடவென்று இழுபட்டது. நாற்காலி தரையை விட்டு எழும்பியதும் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் தொடங்கினாள். "முட்டளவு வந்திருச்சு!" அடுத்தது எல்லாரும் சேர்ந்து, "இடுப்பளவு வந்திருச்சு!" என்றார்கள். காலமெல்லாம் கீழே நின்று அதைச் சொன்னவர் மேலே வந்துகொண்டிருந்தார். "கழுத்தளவு வந்திருச்சு!"

அவர் தலை தரைக்கு மேலே வந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "தூக்கியாச்சு மாமா" என்றேன்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "பாட்டா, நம்ம வீட்டயும் தூக்கியாச்சு" என்றார். பிறகு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டு மீனு எங்க இருக்கு பிள்ள? என்னயக் கூட்டிட்டுப் போயி காட்டு."

டிசம்பர் 20, சனி

உத்தரவு வந்துவிட்டது. இடிக்கவில்லை. வாசலில் பலகை வைக்கிறார்களாம், 'பழைய துறைமுகக் கிட்டங்கி' என்று எழுதலாமா எனக் கேட்டு ஒருவர் வந்தார். 'தூக்குமேடை' என்றால் வெளியூர்க்காரர்கள் தப்பாக நினைப்பார்களாம்.

"தூக்குமேடன்னே எழுதுங்க. ஒரு எழுத்தும் மாத்தாதிய" என்றார் மாமா. "தப்பா நெனச்சா நினைக்கட்டும். உள்ள வந்தா எங்க வீட்டுப் பிள்ள சரியாச் சொல்லிக் குடுக்கும்."

எங்க வீட்டுப் பிள்ளை!

மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வேன் வந்தது. சூசைக்கு வசனம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் சொன்ன மூன்றை மட்டும் என் முழங்காலில், இடுப்பில், கழுத்தில் கை வைத்துச் சொன்னேன். பிறகு கதவை மேலே தூக்கித் திறந்தேன்.